குருத்தில் விழுந்த தண்ணீர்

மோட்டாரைப் போட்டதும் ரப்பர் குழாய் முதலில் காற்றைத்தான் கக்கியது. அப்புறம் இருமுகிற மாதிரி கொஞ்சம் தண்ணீர், மறுபடி காற்று, பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். வைரக்கண்ணு அதைக் கன்றுகளின் பக்கம் காட்டாமல் வேலியோரம் விட்டார். வெயிலில் கிடக்கிற குழாய்க்குள் தங்கிய முதல் தண்ணீர் கன்றுக்கு ஆகாது, கையில் பிடித்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் ஊற்ற வேண்டும் என்று மனைவி தவமணி சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்கிறோமே என்று மனிதருக்கு ஓர் அற்ப சந்தோஷம். கரண்ட் தாமதமாக வந்ததில் வெயில் முந்திக்கொண்டுவிட்டது. கத்திரி வெயில், காலையிலேயே தோப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தோப்பு என்று சொல்வதெல்லாம் பழக்க தோஷம். புயலுக்குப் பிறகு அது வெறும் செம்மணல் திடல்தான். போன ஆவணியில் தவமணி நட்ட தென்னங்கன்றுகள் அங்கங்கே முழங்காலுக்கு மேல் எழும்பி நிற்கின்றன, அவ்வளவுதான். நிழல் கிடையாது. கன்றுகளுக்கே இவர்கள்தான் நிழல் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தென்மேற்கில் ஒரு கீற்றுத் தட்டி. வீட்டுக்குள் குளியலறையில் வாளி நிறைகிற சத்தம் கேட்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கண் ஆபரேஷன் ஆன பிறகு தவமணி முதல்தடவையாகத் தலைக்குக் குளிக்கப் போகிறாள். வெயிலில் போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் விதித்த கெடு நேற்றோடு முடிந்தது. குனிவதற்கும் பாரம் தூக்குவதற்கும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தடை. காலையில் காப்பி குடிக்கும்போதே சொல்லிவிட்டாள், குளித்துவிட்டு வந்து பிள்ளைகளைப் பார்க்கப் போவதாக. கன்றுகளை அவள் பிள்ளைகள் என்றுதான் சொல்லுவாள், அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். வெயில் தாழ வரலாமே என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவள் பதில் சொல்லாமல் எழுந்து சீயக்காய் டப்பாவை எடுக்கப் போனாள். தவமணி பதில் சொல்லவில்லை என்றால் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். ஆக, வைரக்கண்ணுவுக்கு இருக்கிற அவகாசம் ஒரு தலைக்குளியல். நல்ல வேளை, அவளுக்கு முடி நீளம்.

அவர் வேலிக்கோடியில் இருந்து ஆரம்பித்தார். தினமும் வீட்டை ஒட்டிய கன்றிலிருந்துதான் ஆரம்பிப்பது. இன்று கால்கள் தாமாகவே கோடிக்குப் போய்விட்டன, அவரும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. முதல் கன்றின் பாத்தி ஓரத்தில் குழாயைத் தாழ்த்திப் பிடித்தார். தண்ணீர் வட்டமாகச் சுற்றி ஓடி, சருகுகளை மிதக்கவிட்டு, அடியில் புதைந்திருந்த தேங்காய் மட்டைகளுக்குள் இறங்கியது. மட்டைகளைக் குழிவு மேலே பார்க்க அடுக்கி மணல் போட்டு மூடியது தவமணியின் வேலை. மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவரைக் கன்று கன்றாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தண்ணீர் பாத்தி ஓரத்தில் விழ வேண்டும். தண்டில் விழக் கூடாது. குருத்தில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது, உள்ளே தங்கிவிட்டால் வெயிலில் வெந்து அழுகிவிடும். வைரக்கண்ணு தலையாட்டினார். தலையாட்டுவது உத்தியோகத்தில் படிந்த பழக்கம். தீயணைப்புத் துறையில் அதிகாரி சொல்லும்போது தலையாட்ட வேண்டும், இடத்துக்குப் போனபிறகு தீ சொல்கிறபடி செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை தண்ணீரைக் கையில் பிடித்த மனிதர். குழாய் முனையில் ஒரு பித்தளை மூக்கு இருக்கும், பிராஞ்ச் என்பார்கள், அதை இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்காவிட்டால் ஆளையே தூக்கி அடித்துவிடும். கூரை எரிந்தால் கீழே அடித்துப் பிரயோசனம் இல்லை. முகட்டில் அடிக்க வேண்டும். தீ கீற்றுக்குள் ஒளிந்துகொண்டு இருக்கும், அணைந்துவிட்டது என்று நாம் திரும்பினால் பின்னால் சிரிக்கும். அதனால் மேலே, உச்சியில், நனைய நனைய. இந்தத் தோப்புக் குழாய் அதன் பக்கத்தில் வெறும் சாரைப்பாம்புக் குட்டி. ஆனாலும் கட்டைவிரலை வாயில் வைத்து அமுக்கினால் இதுவும் விசிறியாக விரியும், வெயிலில் ஒரு சின்ன வானவில்கூடக் காட்டும். அந்தக் கட்டைவிரலைத்தான் இப்போது அவர் குழாயிலிருந்து எட்டவே வைத்திருந்தார், சூடு போட்ட மாதிரி. இரண்டாவது கன்று. மூன்றாவது. இவையெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, வஞ்சனை இல்லாமல் வளர்ந்திருக்கின்றன. ஒன்றின் ஓலை நுனி காய்ந்திருக்கிறது, அது வெயிலுக்கு எல்லாக் கன்றுக்கும் வருவதுதான். இத்தனை நன்றாக இருக்கும்போது ஒன்றே ஒன்று. அந்த எண்ணம் அங்கே வரைக்கும் போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அவர் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

குளியலறையில் முதல் சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது ஒரு மூச்சு விடுவாள், ஹப்பா என்று, அது இங்கே வரைக்கும் கேட்டது. எத்தனை நாள் கழித்து. தலைக்கு ஊற்றினால் மனுஷிக்கு உயிர் வருகிறது, தென்னைக்கு உயிர் போகிறது, என்ன கணக்கோ. சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. ஜன்னலோரக் கன்றைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாலே கண் அங்கேதான் போகிறது. படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, விளிம்புக்குக் கீழே நிற்கிறது அது, உள்ளேயிருந்து குனிந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் தவமணி அந்த ஜன்னலை ஒட்டிய கட்டிலில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள், ஒரு கண்ணில் கட்டு, கட்டு அவிழ்த்தபின் கறுப்புக் கண்ணாடி. இன்னொரு கண்ணிலும் புரை, அதில் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. மத்தியான வேளையில் அறை அடுப்பு மாதிரி இருந்தது. மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றிக் கொடுத்தது. ஒரு நாள் வைரக்கண்ணு வெளியே வந்து பார்த்தபோது ஜன்னலோரக் கன்றின் ஓலைகள் துவண்டு தொங்கின. அவருக்கு யோசனையே வரவில்லை, கை வந்தது. குழாயை எடுத்து, கட்டைவிரலை வைத்து, உச்சியிலிருந்து விசிறியாக அடித்தார். ஓலை நனைந்தது, மண் நனைந்தது, சுவர் நனைந்தது, ஈரக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து தவமணியின் குரல், குளுகுளுன்னு இருக்கு என்று. அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மறுநாளும் அடித்தார், அதற்கு மறுநாளும். உச்சி வெயிலில், ஒரு சொட்டும் விழக் கூடாத இடத்தில், குடம் குடமாக. பாத்தி மண் தெறித்துக் குருத்துக்குள் போய் உட்கார்ந்ததை அவர் பார்க்கவே இல்லையா என்றால், பார்த்தார். கழுவிவிடலாம் என்று மேலும் தண்ணீர் அடித்தார். ஒரு தடவை அவள் கண் சிவந்துவிட்டது. தண்ணீர் தெறித்துக் கண்ணில் பட்டிருக்குமோ, மண்ணோடு பட்டிருக்குமோ என்று அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வேளையும் சொட்டு மருந்தை அவரே விட்டார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே சரியாகிவிட்டது. அதோடு ஜன்னலோரம் தண்ணீர் அடிப்பதை நிறுத்தினார். அப்போதுதான் கன்றிலிருந்து ஒரு வாடை வந்தது. செத்த எலி மாதிரி. புகையில் பழகிய மூக்கு அது, எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குருத்தைத் தொட்டார். இழுக்கக்கூட இல்லை, தொட்டார். அது ஒரு முழம் அப்படியே கையோடு வந்துவிட்டது, அடி முனை பழுப்பாக, கொழகொழவென்று.

அதற்கப்புறம் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தக் குருத்தை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டார். ஊதுபத்தி செருகுகிற மாதிரி. அறுபது தாண்டிய ஆள், எரிகிற வீட்டுக்குள் புகுந்து கியாஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததற்குக் கலெக்டர் கையால் பாராட்டு வாங்கிய ஆள், ஒரு செத்த குருத்தைச் செருகி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். தவமணி கேட்டாள், பிள்ளைகளெல்லாம் எப்படி இருக்கின்றன என்று. தினமும் கேட்கிற கேள்விதான். ஜோராக இருக்கின்றன என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னலோரம் நிற்கிறதே, அது எப்படி என்று அவள் கேட்கவே, வாய் தானாக, அது ஓலை பிரியப் போகிறது என்று சொல்லிவிட்டது. கன்றின் ஓலை முதலில் ஒட்டிய விசிறி மாதிரி முழுசாக வரும், வளர்ந்தபிறகுதான் கீற்றுக் கீற்றாகப் பிரியும். பிரிந்துவிட்டால் கன்று தேறிவிட்டது என்று அர்த்தம். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தவமணியின் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். பார்த்தபிறகு எப்படி வார்த்தையைத் திரும்ப வாங்குவது. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் அவள், பிரிந்துவிட்டதா என்றாள். கொஞ்சம் பிரிந்திருக்கிறது என்றார். இப்படியே வாயாலேயே ஒரு ஓலையை வளர்த்துவிட்டார். அவள் மனசுக்குள் இப்போது அந்தக் கன்று கீற்றுப் பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது. இங்கே செருகிய குருத்து வைக்கோல் நிறமாகக் காய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

இன்னொரு கன்றாக இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று அவர் எட்டாவது பாத்தியிலோ ஒன்பதாவது பாத்தியிலோ நின்று நினைத்தார், எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. ஒன்று போனது போகட்டும், அந்த இடத்தில் நட்ட கன்றா போக வேண்டும். அந்த இடத்தில் முன்பு நின்றது தோப்பிலேயே பெரிய மரம். புயல் அடித்த இரவில் மற்ற மரங்கள் எல்லாம் தோப்புக்குள் விழுந்தன, அது மட்டும் வீட்டின் பக்கம் சாய்ந்தது. படுக்கையறைச் சுவரை உரசிக்கொண்டு விழுந்து, ஜன்னல் கம்பியை வளைத்து, ஓட்டில் பாதியைப் பொடியாக்கியிருந்தது. உள்ளே தவமணி தனியாக இருந்தாள். இவர் டியூட்டியில் இருந்தார். போகாமல் இருந்திருக்க முடியுமா என்றால் முடியாது, லீவு எடுத்தவர்களையும் கூப்பிட்டுக்கொண்டார்கள் அன்றைக்கு. ஊர் ஊராக ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். அவர் அறுத்த மரங்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய தென்னை. சொந்தத் தோப்புக்கு அவர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். தவமணி வாசலில் நொறுங்கிய ஓட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அந்த இரவைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்திலும் பேசவில்லை. திருப்பூரில் இருக்கிற மகள் கயல்விழி துருவித் துருவிக் கேட்டதற்குக்கூட, காற்று அடித்தது, மரம் விழுந்தது என்று முடித்துவிட்டாள். பேசியிருந்தால், திட்டியிருந்தால், அழுதிருந்தால் இவர் பதில் சொல்லியிருப்பார். பதில் தயாராகத்தான் வைத்திருந்தார், கேள்விதான் வரவில்லை. பல நாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது, இவள் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தாள், கட்டிலிலா, மூலையிலா, விளக்கு இருந்ததா என்று நினைத்துக்கொள்வார். கேட்க மாட்டார். பக்கத்துத் தோப்பில் விழாமல் தப்பி நின்ற ஒரே ஒரு மரத்திலிருந்து நெற்று எடுத்து, மணலில் பதித்து, முளைக்கவைத்து இத்தனை கன்றும் உண்டாக்கினாள். அதில் முதலில் முளைத்ததை எடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்திலேயே குழி தோண்டச் சொன்னாள். மறுபடி சுவரை ஒட்டியா, வேண்டாமே என்று இவர் தயங்கினார். அங்கேதான் என்றாள். அந்தக் குழிக்கு மட்டும் கரையான் வராமல் இருக்கப் போடுகிற உப்பும் அவளே போட்டாள், மணலும் அவளே தள்ளினாள், இவரைத் தொடவிடவில்லை.

சீயக்காய் வாசனை வந்தது. அப்படியானால் பாதிக் குளியல் முடிந்தது. வைரக்கண்ணு குழாயை இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு வரிசை முன்னால் வந்தார், உள்ளங்காலில் மணல் சுட்டது, ஈரப் பாத்தியில் காலை வைத்ததும் இதமாக இருந்தது. அந்த இதத்தில் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. அங்கேயும் தரை இப்படித்தான் சில்லென்று இருந்தது, செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டார்கள். பச்சை உடுப்பு மாட்டி, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, எந்தக் கண் என்று பேனாவால் அடையாளம் போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது தவமணி திரும்பிப் பார்த்தாள். இவர் கையைத் தூக்கி, ஒண்ணுமில்ல, பயப்படாத என்றார். கிணற்றில் விழுந்த மாட்டுக்குச் சொன்னதும் அதுதான், அலுமினியக் குண்டானுக்குள் தலை மாட்டிக்கொண்ட குழந்தையின் தாய்க்குச் சொன்னதும் அதுதான், எரிந்து முடிந்த வீட்டின் முன்னால் நின்றவர்களுக்குச் சொன்னதும் அதுதான். வேலையில் சேர்ந்ததும் முதலில் கற்றுக்கொள்வது அது. நாம் பதறினால் அவர்களும் பதறுவார்கள், பதறினால் காரியம் கெடும். அவள் உள்ளே போனபிறகு இவர் வராந்தாவில் உட்கார்ந்து தன் பயத்தை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். பார்வை திரும்பாமல் போய்விட்டால். எத்தனையோ பேருக்குச் செய்கிற சின்ன ஆபரேஷன் என்கிறார்கள், ஆனால் அந்த எத்தனையோ பேர் தவமணி இல்லையே. கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், அவள் சரியாகச் சொன்னாள். அப்புறம் அவளாகவே இவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு இவ்வளவு நரைச்சிடுச்சா என்றாள். நர்ஸ் சிரித்தாள். இவருக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி வெளியே போய்விட்டார். அந்தக் கண்ணால்தான் இன்றைக்கு வந்து பார்க்கப் போகிறாள். நல்ல கண்ணாக வாங்கிக் கொடுத்து, அதற்கு முதலில் காட்டுவது இதுவா.

குளியலறைச் சத்தம் நின்றுவிட்டது. வைரக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்று கேட்டார். கதவுத் தாழ்ப்பாள். வளையல். ஈரத் துண்டை உதறுகிற சத்தம். ஒரு வழி இருக்கிறது என்று மனசு மெதுவாகச் சொன்னது. நேற்றே அதைச் சொல்லிவிட்டது, இவர்தான் கேட்காத மாதிரி இருந்தார். வண்டு. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்துவிட்டது என்றால் முடிந்தது, இந்தப் பக்கத்தில் வண்டு அடிக்காத தோப்பு கிடையாது. யார் மேலும் குற்றம் இல்லை. தவமணிக்கு வண்டு அடித்த ஓலை தெரியும், கத்தரியால் முக்கோணமாக வெட்டிய மாதிரி இருக்கும். இந்தக் குருத்தில் அது இல்லை. ஒரு கத்தரி எடுத்து வெட்டிவிட்டால் என்ன. தண்டில் ஆணியால் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டால். இந்த யோசனை எவ்வளவு தூரம் போகிறது என்று அவரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஆணிப் பெட்டி சமையலறை அலமாரியில் இருக்கிறது, போய் எடுத்துக்கொண்டு வரக்கூட நேரம் இருக்கிறது, அவள் சாம்பிராணி போட்டுக்கொண்டுதான் வருவாள். அவர் போகவில்லை. போகக் கூடாது என்று முடிவு செய்ததாகவும் சொல்ல முடியாது. குழாயிலிருந்து தண்ணீர் ஒரே பாத்தியில் விழுந்துகொண்டே இருந்தது, பாத்தி நிறைந்து வழிந்தது, செம்மண் தண்ணீர் அவர் கால் விரல்களுக்கு இடையே ஓடியது. கொல்லைக் கதவு திறந்தது.

தவமணி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். உடனே இறங்கவில்லை. தூரத்திலிருந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடும்போது பார்த்ததைவிடப் பச்சை அதிகமாக இருக்கிறது என்றாள், கன்று தேறிவிட்டதா, இல்லை தன் கண்தான் அப்படிக் காட்டுகிறதா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றார் இவர். அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கி, வீட்டுச் சுவரைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் எங்கே முதலில் போவாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன. அவள் கன்றை எட்டுவதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"தவமணி, அதுல குருத்து போயிடுச்சு."

அவள் நின்றாள். கன்றைப் பார்த்தாள். இவரைப் பார்க்கவில்லை.

"வண்டா?"

அவளே வழியைத் திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்வதற்கு நாக்குக்குக் கஷ்டமே இருக்காது, எத்தனையோ வருஷப் பழக்கம்.

"வண்டு இல்ல. நான்தான். ஜன்னலுக்குக் காத்து வரட்டும்னு மேலேருந்து தண்ணி அடிச்சேன்."

தவமணி கன்றின் அருகே போய்க் குருத்தைப் பிடித்தாள். அது வந்துவிட்டது. காய்ந்த முனையைத் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். செருகி வைத்தது தெரிந்திருக்கும். எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். உனக்குக் கண் சிவந்ததே, அன்றிலிருந்து என்றார். ஓலை பிரிந்துவிட்டதாகச் சொன்னீர்களே என்றாள். சொன்னேன் என்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டப் போகிறாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புயலன்னிக்கு ராத்திரி போன் பண்ணினீங்களே, என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. போன் செய்ததே மங்கலாகத்தான் இருந்தது. அன்றைக்கு எத்தனை பேரிடம் என்னென்ன சொன்னாரோ.

"ஒண்ணும் ஆகாது, உள்ளயே இருன்னீங்க. அதோட லைன் போயிடுச்சு. வெளியில ஒவ்வொரு மரமா விழுது. நான் அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சிக்கிட்டு இந்தக் கட்டில்லயே உக்காந்திருந்தேன். அவருக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சொல்றாருன்னு. இந்த மரம் சுவத்துல வந்து சாஞ்சப்பதான் புரிஞ்சுது, உங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு." அவள் குரல் உயரவில்லை. "தெரியலன்னு சொல்லியிருந்தா அடுத்த வீட்டுக்கு ஓடியிருப்பேன். இல்லாட்டி, எனக்கும் பயமா இருக்கு தவமணின்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். அன்னிக்கு ராத்திரி பயந்துக்கிட்டு ரெண்டு பேரா இருந்திருப்போம். நான் ஒருத்தியா இருந்தேன்."

வைரக்கண்ணு இத்தனை வருஷம் தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. அவை எல்லாம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கான பதில்கள். வராததை அவள் ஒருநாளும் குறையாக நினைக்கவே இல்லை போலிருக்கிறது. கையில் இருந்த குழாய் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை, அது மணலில் தானாக ஒரு பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், விசித்திரமாக, ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாளா. ஜன்னலோரக் கட்டிலில். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது, ஆனால் அந்த விடையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள் தவமணி. அழுகல் தீருகிற வரைக்கும் தண்டைச் சீவிக்கொண்டே போக வேண்டும், உள்ளே வெள்ளையாகக் கட்டியாக இருந்தால் அங்கிருந்து புதுக் குருத்து கிளம்பும், அடி வரைக்கும் அழுகியிருந்தால் பிடுங்கிப் போட வேண்டியதுதான் என்றாள். தான் குனியக் கூடாது, அதனால் வெட்டுவது அவர்தான். கத்தியைக் கொண்டு வந்தார். பாத்தியில் மண்டியிட்டார், ஈர மண் வேட்டியில் ஏறியது. தவமணி பின்னால் நின்று, விழுந்துவிடாமல் இருக்க அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அவள் தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் பிடரியில் விழுந்தது. அவர் ஒரு வில்லையைச் சீவினார். பழுப்பு. இன்னொன்று. பழுப்புத்தான், வாடையோடு. அடுத்ததைச் சீவியபோது கத்தி முனையில் ஈரமாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"வெள்ளை தெரியுதா?" என்றாள் தவமணி.

தெரியுது என்ற வார்த்தை அவர் வாய்க்கு வந்தே விட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. அவர் குனிந்து, நிழல் தட்டியை விலக்கிவிட்டு, நன்றாகப் பார்த்தார்.

"தெரியல. இன்னும் அழுகலாத்தான் இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு பயமா இருக்கு தவமணி."

தோளில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

"எனக்கும்தான்," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் கீழ சீவுங்க."

அவர் கத்தியை ஒரு விரற்கடை கீழே இறக்கி வைத்தார்.